ஓடைக்கரையில் பார்த்த தவளை எந்த இனம்? அடையாளம் காண ஓர் எளிய வழிகாட்டி

"பச்சையாக இருந்தது. முதுகில் பழுப்புப் புள்ளிகள். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. இது என்ன தவளை?"

தவளைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி தேடி வந்துகொண்டே இருக்கும். கேட்பவர் தேவையான எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவே நினைக்கிறார். ஆனால் இந்த மூன்று வரிக்குப் பொருந்தும் தவளைகள் ஏராளம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தவளை இனங்கள் 7,000க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை பச்சை, பழுப்பு, சாம்பல் என்ற மூன்று நிறங்களையே தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த நாட்டில், எந்த மாதத்தில், எவ்வளவு பெரிதாக, கண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது, கால்விரல் எப்படி இருந்தது என்பதெல்லாம் தெரியாமல் பதில் சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து உடலமைப்பை, நிறத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில். இதற்கிடையே குரல் கேட்டுவிட்டால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர் இந்த வரிசையைப் பழகினாலே போதும்.

நிறம் வேறு, கோலம் வேறு

தவளையின் தோலில் நிறமிகளைத் தாங்கிய செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்குள் நிறமி பரவினால் தோல் கறுக்கும், சுருங்கினால் வெளுக்கும். குளிர், ஈரம், வெளிச்சம், பயம் எல்லாமே இதைத் தூண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் பசிபிக் மரத்தவளை சில நிமிடங்களிலேயே அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கு வந்துவிடும். கிழக்குப் பக்கத்தில் வாழும் சாம்பல் மரத்தவளை, பெயரில் சாம்பலை வைத்துக்கொண்டு, இலைமேல் உட்கார்ந்தால் பச்சையாகத் தெரியும். ஒரே இனத்தில் பிறக்கும்போதே சில பச்சையாகவும் சில பழுப்பாகவும் இருப்பதும் சாதாரணம்.

இனப்பெருக்கக் காலம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். தெற்காசியாவின் பெரிய தவளையான இந்தியக் காளைத் தவளையின் ஆண், ஆண்டின் பெரும்பகுதி மங்கிய பச்சையும் பழுப்புமாக யார் கண்ணிலும் படாமல் இருக்கும். முதல் பெருமழை பெய்ததும் அதே தவளை பளீரென்ற மஞ்சளாகி, தொண்டையின் இரு பக்கமும் நீலக் குரல்பைகளை ஊதிக்கொண்டு நிற்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே விலங்கு என்று நம்புவது கடினம். ஆண்டுதோறும் மழை தொடங்கும்போது "விசித்திர மஞ்சள் தவளைகள்" என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கோலம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கண்ணின் ஊடாக ஓடும் கறுப்புப் பட்டை, முதுகின் நடுவே ஓடும் வெளிர்கோடு, புள்ளிகளின் வடிவம் இவை நிறத்தைவிட நம்பத்தக்கவை. வட அமெரிக்காவில் சிறுத்தைத் தவளை, பிக்கரல் தவளை என்று இரண்டு உண்டு. இரண்டுமே பழுப்பாக இருக்கலாம், இரண்டிலும் கரும்புள்ளிகள். சிறுத்தைத் தவளையின் புள்ளிகள் உருண்டையாகச் சிதறிக் கிடக்கும். பிக்கரல் தவளையின் புள்ளிகள் சற்றே சதுரமாக, முதுகில் இரண்டு வரிசையாக நிற்கும். தொடையின் உட்புறத்தைப் பார்க்க வாய்த்தால் சந்தேகமே இல்லை: பிக்கரலுக்கு அங்கே மஞ்சள் பூசியிருக்கும்.

பொதுவாகவே தவளை மறைத்து வைத்திருக்கும் நிறம், அது காட்டிக்கொள்ளும் நிறத்தைவிடப் பயனுள்ளது. தொடையின் உட்புறம், இடுக்கு, வயிறு, விலாவின் கீழ்ப்பகுதி ஆகியவை உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. தாவும்போது ஒரு கணம் தெரியும். அந்தக் கணத்தில் கவனிக்கப் பழகுவது நல்லது.

நிற்கும் இடமே பாதி விடை

தவளைகள் நெடுந்தூரம் பரவுவதில் கெட்டிக்காரர்கள் அல்ல. உப்புநீர் பெரும்பாலானவற்றுக்கு ஆகாது. ஒரு மலைத்தொடரோ வறண்ட சமவெளியோ குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் பல இனங்கள் மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழ்கின்றன. நீங்கள் நிற்கும் மாவட்டத்தின் தவளைப் பட்டியலை எடுத்தால் 7,000 என்பது பெரும்பாலான இடங்களில் சில பத்துகளாகச் சுருங்கிவிடும். அந்தப் பட்டியலில் ஓடையோரம் வருபவை அதிலும் கொஞ்சம். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் இன்னும் சில கழியும். படத்தைப் பார்த்து இனம் சொல்லும் எந்தச் செயலியில் போட்டாலும் இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான். இடம் கொடுக்காமல் படத்தை மட்டும் பதிவேற்றினால், வேறு கண்டத்துத் தவளையின் பெயரைச் செயலி கூசாமல் சொல்லும்.

ஓடைக்குள்ளும் இடம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஓடை. தவளைகளுக்கு அது நான்கைந்து வெவ்வேறு வீடுகள். நீர் தேங்கும் மடு, பாறைமேல் நீர் பாய்ந்து நுரைக்கும் இடம், சாரல் பட்டு எப்போதும் ஈரமாக இருக்கும் பாறைமுகம், நீருக்கு மேலே தொங்கும் இலைகள், கரையோரப் புல், அதற்கு அப்பால் கிடக்கும் சருகு ஆகிய ஒவ்வொன்றிலும் வழக்கமாகக் குடியிருப்பவை வேறு. மடுவில் கண்ணும் மூக்கும் மட்டும் நீருக்கு மேலே தெரிய மிதப்பது ஒரு வகை. பாய்ச்சலுக்கு நடுவே வழுக்குப் பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பது முற்றிலும் வேறு வகை. "ஓடையருகே பார்த்தேன்" என்பதைவிட "சாரல் படும் பாறையில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே" என்பது பத்து மடங்கு உதவும்.

கண்ணிலிருந்து கால்விரல் வரை

இனி தவளையின் அருகே செல்வோம். மேலிருந்து முதுகை மட்டும் பார்ப்பது பலருக்கும் இயல்பாக வருவது. பயன் மிகக் குறைவானதும் அதுவே. தரையோடு தாழ்ந்து, பக்கவாட்டிலிருந்து முகத்தைப் பாருங்கள். பெயரைச் சொல்லக்கூடிய அடையாளங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கண்மணி. பெரும்பாலான தவளைகளுக்கு அது படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். செங்குத்தாக இருந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் இரவுத் தவளைகளுக்குக் கண்மணி சாய்சதுர வடிவில் இருக்கும். தோலும் சுருக்கம் விழுந்து தொளதொளவென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: இருட்டில் கண்மணி விரிந்து எல்லாத் தவளைகளுக்கும் ஏறக்குறைய வட்டமாகிவிடும். டார்ச் வெளிச்சத்தில் சில விநாடிகள் பொறுத்து, அது சுருங்கிய பிறகு பார்க்க வேண்டும்.

செவிப்பறை. தவளைக்குக் காதுமடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் தோலோடு தோலாக ஒரு வட்டம் தெரியும், அதுதான் செவிப்பறை. அது தெளிவாகத் தெரிகிறதா, மங்கலாகவா, இல்லவே இல்லையா? கண்ணோடு ஒப்பிட்டால் பெரிதா சிறிதா? அமெரிக்கக் காளைத் தவளையில் ஆணுக்குச் செவிப்பறை கண்ணைவிடத் தெளிவாகப் பெரிது. பெண்ணுக்கு ஏறக்குறைய கண்ணளவு. இனத்தைத் தேடப் போனவருக்கு ஆணா பெண்ணா என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது மடிப்பு. கண்ணுக்குப் பின்னிருந்து தோல் சற்றே மேடிட்டு ஒரு வரியாக ஓடும். அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. இதே அமெரிக்கக் காளைத் தவளையையும் அதன் உறவான பச்சைத் தவளையையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் பச்சை, இரண்டும் நீரோரம், இரண்டுக்கும் பெரிய செவிப்பறை. இளம் காளைத் தவளை, வளர்ந்த பச்சைத் தவளையின் அளவில் இருக்கும்போது அனுபவசாலிகளும் ஒரு கணம் தயங்குவார்கள். மடிப்பைப் பார்த்தால் தயக்கம் தீரும். காளைத் தவளையில் அது செவிப்பறையைச் சுற்றிக் கீழே வளைந்து முன்கால் பக்கம் இறங்கிவிடும்; முதுகில் எதுவும் இராது. பச்சைத் தவளையில் ஒரு கிளை செவிப்பறையைச் சுற்றி வந்தாலும், இன்னொன்று முதுகின் ஓரமாகவே பின்னோக்கி ஓடும். அளவு, நிறம், பருவம் எதுவாக இருந்தாலும் இந்த வேறுபாடு நிற்கும். முதுகோர மடிப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியை எந்த நாட்டிலும் எந்தத் தவளையிடமும் கேட்கலாம். நான் யாருக்காவது ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன்.

கண்ணுக்குப் பின்னால் மடிப்புக்குப் பதிலாக ஒரு தடித்த வீக்கம் இருந்தால் அது நஞ்சுச் சுரப்பி. உங்கள் எதிரில் இருப்பது அநேகமாகத் தேரை. வறண்ட, முடிச்சு முடிச்சான தோல், குட்டைக் கால்கள், தாவுவதைவிட நடப்பதிலும் சின்னச் சின்னதாகத் துள்ளுவதிலும் நாட்டம் ஆகியவை அதன் மற்ற அடையாளங்கள். தேரைகளும் தவளை வரிசைக்குள் அடங்கியவைதான். தனி உயிரினம் அல்ல. ஆசியாவில் பரவலாகக் காணப்படும் சாதாரணத் தேரைக்குத் தலையில் எலும்பு மேடுகள் உண்டு, அவற்றின் விளிம்பு கறுப்பாக இருக்கும். மை தீட்டியது மாதிரியான அந்த விளிம்பை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது வெறும் கதை. ஆனால் அதன் சுரப்பிநீர் கண்ணிலோ வாயிலோ பட்டால் எரியும், அது உண்மை.

கால்களுக்கு வருவோம். விரல் நுனியில் தட்டையான வட்டு இருந்தால் "மரத்தவளை" என்று சொல்லிவிடத் தோன்றும். ஓடையோரத்தில் அவசரப்படக் கூடாது. பாய்நீர்ப் பாறைகளில் வாழும் தவளைகளுக்கும் வழுக்காமல் பற்றிக்கொள்ள விரல்நுனி வட்டு தேவைப்படுகிறது. மரத்தவளைகளின் கடைசி இரண்டு விரலெலும்புகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு சிறு துண்டு உண்டு. அதனால் விரலின் நுனி சற்று மடங்கித் தெரியும். கால்களும் ஒல்லியாக நீண்டிருக்கும், கண்கள் பிதுங்கியிருக்கும். இந்தத் துணை அடையாளங்கள் இல்லாமல் வட்டு மட்டும் இருந்தால், முடிவைத் தள்ளி வையுங்கள்.

பின்கால் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு அதன் வாழ்க்கையைச் சொல்லும். விரல்நுனி வரை முழுச் சவ்வு என்றால் நீரிலேயே கிடப்பது. பாதி என்றால் நீருக்கும் கரைக்கும் போய்வருவது. சவ்வே இல்லையென்றால் அது அநேகமாக ஓடையில் வாழ்வதல்ல. சருகிலிருந்தோ புதரிலிருந்தோ அந்தப் பக்கமாக வந்தது. குதிகாலுக்கு அருகே மண்வெட்டி விளிம்பு போன்ற கெட்டியான மேடு தென்பட்டால், மண்ணைத் தோண்டிப் புதையும் வகை.

அளவு என்பது மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரைதான். நீட்டிய காலைச் சேர்ப்பதில்லை. கண்மதிப்பு இதில் நம்ப முடியாத ஒன்று. பயந்தவர் கண்ணுக்குத் தவளை எப்போதும் பெரிது. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து ஒரு படம் எடுத்தால் வாதத்துக்கு இடமில்லை. குட்டித் தவளைகளைப் பொறுத்தவரை அளவு ஏமாற்றும். இரண்டு செ.மீ. இருப்பது வளர்ந்த சிற்றினமாகவும் இருக்கலாம், இருபது செ.மீ. வரை வளரப் போகும் ஒன்றின் இளமையாகவும் இருக்கலாம்.

குரல்

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. நுணலுக்குக் கெட்டது நமக்கு நல்லது. தவளையை அடையாளம் காண அதன் குரலைவிட உறுதியான சான்று களத்தில் கிடைப்பது அரிது. ஆண் தவளை கத்துவது தன் இனப் பெண்ணை அழைக்க. அந்த அழைப்பு பக்கத்து இனத்தின் அழைப்போடு குழம்பினால் அதற்கே நஷ்டம். எனவே உருவத்தில் ஒட்டிப் பிறந்த இனங்கள்கூடக் குரலில் பிரிந்து நிற்கின்றன.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மேலே சொன்ன சாம்பல் மரத்தவளை. அது உண்மையில் இரண்டு இனங்கள். வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஒன்றின் செல்லில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டு, மற்றதில் நான்கு. நுண்ணோக்கி இல்லாமல் பிரிக்க ஒரே வழி காது: ஒன்றின் அதிர்குரல் மெதுவாகத் துடிக்கும், மற்றதன் குரல் வேகமாகத் துடிக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த இரவில் எந்தத் தவளையும் மெதுவாகவே கத்தும். வெப்பநிலையைக் குறிக்காத ஒலிப்பதிவு இந்த இரண்டையும் பிரிக்க உதவாமல் போகலாம்.

கேட்டதை எழுத்தில் குறிக்கும்போது "கொர்ர்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். ஒற்றை ஒலியா, தொடரா? தொடர் என்றால் ஒவ்வொரு ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம்? ஒன்று மட்டும் கத்தியதா, கூட்டமாகவா? நீருக்குள்ளிருந்தா, இலைமேலிருந்தா? கைப்பேசியில் அரை நிமிடம் பதிவு செய்தால் இவை எல்லாவற்றுக்கும் பிறகு நிதானமாக விடை தேடலாம். படம் இல்லாத நல்ல ஒலிப்பதிவு, ஒலி இல்லாத நல்ல படத்தைவிடப் பல சமயம் மேலானது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017ல் தொடங்கிய ஃபிராக்ஐடி என்ற செயலி முழுக்க முழுக்கக் குரலை நம்பியே இயங்குகிறது; மக்கள் அனுப்பும் பதிவுகளை வல்லுநர்கள் கேட்டு இனத்தைச் சொல்கிறார்கள்.

ஆனால் நாம் நிற்பது ஓடைக்கரை. பாய்நீரின் இரைச்சல் இரவு பகலாக ஓயாது. அங்கே வாழும் தவளைகள் இதற்கு வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன, தவளை உலகில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சில, நீரின் இரைச்சலுக்கு மேலே எழும் கீச்சுக் குரலில் அழைக்கின்றன. சீனாவின் குழிக்காதுப் பாய்நீர்த் தவளை இன்னும் ஒரு படி மேலே போய், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியையும் எழுப்புகிறது, கேட்கவும் செய்கிறது. சில, குரலோடு சைகையையும் சேர்த்துக்கொள்கின்றன: மேற்குத் தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகளில் ஆண், பாறைமேல் நின்று ஒரு பின்காலைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, விரல்களை விரித்து, சவ்வைக் கொடிபோல் காட்டிவிட்டு மடக்கிக்கொள்ளும். போர்னியோ ஓடைகளின் சில தவளைகளும் இதையே செய்கின்றன, இவற்றோடு நெருங்கிய உறவு இல்லாமலே. இன்னும் சில, கத்துவதையே விட்டுவிட்டன. வட அமெரிக்காவின் வடமேற்கு மலையோடைகளில் வாழும் வால் தவளைக்கு அழைப்புக் குரலும் இல்லை, வெளியே தெரியும் செவிப்பறையும் இல்லை. ஆணுக்கு வால் மாதிரி ஓர் உறுப்பு இருப்பதால் இந்தப் பெயர். அது வால் அல்ல, பாயும் நீரில் விந்து அடித்துச் செல்லப்படாமல் பெண்ணுக்குள் செலுத்தும் உறுப்பு.

எனவே ஓடையில் எந்தக் குரலும் கேட்கவில்லை என்பதை வைத்து அங்கே தவளை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பாறைகளின் மேல் டார்ச் அடித்துக் கண்களின் மினுக்கத்தைத் தேடுங்கள். டார்ச்சை உங்கள் கண்மட்டத்துக்கு அருகே பிடித்தால்தான் அந்த மினுக்கம் திரும்பி உங்கள் கண்ணுக்கு வரும்.

தவளை இல்லாவிட்டால் தலைப்பிரட்டை

பகலில் போனால் தவளைகளைவிட அவற்றின் பிள்ளைகளே அதிகம் கண்ணில் படும். முட்டைகள் நீண்ட பளிங்குச் சரமாகச் செடிகளைச் சுற்றிக் கிடந்தால் அது தேரையின் வேலை. நீருக்கு மேலே கிளையில் வெண்ணுரை உருண்டை தொங்கினால் ஆசிய மரத்தவளைகளின் கூடு. உள்ளே பொரியும் தலைப்பிரட்டைகள் நேரே நீரில் விழும். நடு, தென் அமெரிக்காவில் ஓடைமேல் தொங்கும் இலையில் கூழ்த்திரளாக முட்டைகள் ஒட்டியிருந்தால், வயிற்றுத் தோலின் வழியே உள்ளுறுப்புகள் தெரியும் கண்ணாடித் தவளையை அக்கம்பக்கத்தில் தேடலாம்.

பாய்நீரில் பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும் தலைப்பிரட்டைக்கு வாயே உறிஞ்சியாக மாறியிருக்கும். வால் தவளைக்கும் அப்படித்தான். 2003ல் அறிவியலுக்கு அறிமுகமான மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைக்கும் அப்படித்தான். ஊதாத் தவளை ஆண்டின் மிகப் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு மழைத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வருவதால், முதிர்ந்த தவளையைக் காண்பதைவிட ஓடைப்பாறையில் அதன் தலைப்பிரட்டையைக் காணும் வாய்ப்பு அதிகம். தலைப்பிரட்டைகளை இனம்வரை பிரிப்பது வாயின் பல்வரிசைகளை எண்ணும் அளவுக்கு நுணுக்கமான வேலை என்பதால், தொடக்கத்தில் எந்த வகை என்று தெரிந்தாலே திருப்தி அடையலாம்.

இரண்டு தவளைகளைச் சேர்ந்தே பார்ப்போம்

தெற்காசியாவில் ஓர் ஓடை. மடுவில் கண்ணும் மூக்குத்துளையும் மட்டும் நீருக்கு மேலே. நெருங்கியதும் அது மூழ்கவில்லை. நீரின் மேற்பரப்பிலேயே தத்தித் தத்திப் பாய்ந்து எதிர்க்கரைக்குப் போய், மறுபடி அதே மாதிரி மிதக்கிறது. பின்கால் சவ்வு விரல்நுனி வரை நிறைந்திருக்கிறது. முதுகோர மடிப்பு இல்லை. விரல்நுனியில் வட்டு இல்லை. இந்த நடத்தையும் முழுச் சவ்வும் சேர்ந்தால் யூஃப்ளிக்டிஸ் என்ற பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) தவளை என்று துணிந்து சொல்லலாம். நிறத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, அதே ஓடையின் கரைப்புல்லில். நான்கு செ.மீ. இருக்கும் பழுப்புத் தவளை, கூர்மூக்கு, முதுகில் நீளவாக்கில் உடைந்த வரிகளாகச் சிறு மடிப்புகள், சிலவற்றுக்கு நடுமுதுகில் ஒரு வெளிர்கோடு, பாதிச் சவ்வு. இது மினர்வார்யா பேரினம், அதாவது வயல்வெளிகளிலும் புல்தரைகளிலும் மழைக்காலத்தில் நம் காலடியிலிருந்து தெறித்தோடும் சிறு தவளைகள். இதற்கு மேல் போக முடியுமா? பெரும்பாலும் முடியாது. இந்தப் பேரினத்தின் இனங்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். ஒலிப்பதிவோ மரபணுச் சோதனையோ இல்லாமல் நிபுணர்களே இனப்பெயரை எழுதத் தயங்குவார்கள். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது தோல்வி அல்ல, சரியான விடை அதுவே. முதல் பார்வையிலேயே முழுப்பெயர் சொல்பவரைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். நடனத் தவளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல காலமாகச் சில பெயர்களுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த அவற்றிலிருந்து, 2014ல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் ஒரே ஆய்வில் 14 புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன் நம்பிக்கையோடு எழுதப்பட்ட பல இனப்பெயர்கள் அதோடு கேள்விக்குள்ளாயின. "நடனத் தவளை, பேரினம் மைக்ரிக்ஸாலஸ்" என்று மட்டும் எழுதியவரின் குறிப்பு இன்றும் சரி.

பிடிக்க வேண்டாம்

அடையாளம் காணத் தவளையைக் கையில் எடுக்கத் தேவையில்லை. பல இடங்களில் அனுமதியில்லாமல் காட்டுத் தவளைகளைப் பிடிப்பது சட்டப்படி குற்றமும்கூட. சட்டத்தை விட்டுவிட்டாலும், தவளை தோலால் சுவாசிக்கிறது, தோலாலேயே நீர் குடிக்கிறது. உங்கள் கையிலுள்ள கொசுவிரட்டி, வெயில் களிம்பு, சோப்பு எல்லாம் நேரே அதன் உடலுக்குள் போகும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: நடு, தென் அமெரிக்கக் காடுகளில் பளபளக்கும் வண்ணச் சிறுதவளைகள் சிலவற்றின் தோலில் கடும் நஞ்சு இருக்கிறது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சைக்கு 1999ல் பெயரிட்டார்கள். உலக அளவில் குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்களின் சரிவுக்கும், அவற்றில் 90 இனங்களின் அழிவுக்கும் இதுவே காரணம் என்று 2019ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஈரச்சேறு ஒட்டிய காலணியோடு ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போவது அந்தப் பூஞ்சைக்கு வண்டி ஓட்டுவதற்குச் சமம். சேற்றைத் தேய்த்துக் கழுவி, காலணியை முழுக்கக் காயவிட்ட பிறகுதான் அடுத்த ஓடை.

படம் எடுக்கும்போது நான்கு கோணங்கள் போதும்: பக்கவாட்டில் முகம், மேலிருந்து முதுகு, பின்கால் விரல்கள், பிறகு அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் காட்டும் அகலமான ஒரு படம். முதலாவதும் மூன்றாவதும் கிடைத்துவிட்டால் மற்றவை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஃபிளாஷ் அடித்தால் ஈரத்தோலில் வெளிச்சம் தெறித்து மடிப்புகள் மறையும். டார்ச்சைப் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்தால் மடிப்பும் செவிப்பறையும் நிழல் விழுந்து துலங்கும். நாள், நேரம், மழை பெய்ததா, வெப்பநிலை ஆகியவற்றை அங்கேயே குறித்துவிடுங்கள்.

தவறான அடையாளத்துக்கு விலை கொடுப்பது சில சமயம் தவளைதான். கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935ல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை இன்று அங்கே பெரும் தொல்லை. அதைக் கண்டதும் கொல்லத் துடிப்பவர்கள் பலர். அந்த ஆர்வத்தில் உள்நாட்டுத் தவளைகள் பலவும் அடிபடுகின்றன. கண்ணுக்கு மேலே தொடங்கி மூக்கருகே கூடும் எலும்பு மேடும், தோளுக்கு மேல் பெரிய நஞ்சுச் சுரப்பியும் இருந்தால்தான் அது கரும்புத் தேரை. குட்டித் தேரைகளில் அந்தச் சுரப்பி எடுப்பாகத் தெரியாது என்பதால் அங்கேதான் தவறு அதிகம். வேற்றிடத்திலிருந்து வந்த தேரையோ தவளையோ என்று சந்தேகம் வந்தால் படத்தை அனுப்பிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெயர் தேடும்போது ஒரு சிறு சங்கடம் வரும். பழைய கையேட்டில் ஒரு பெயர், இணையத்தில் வேறு பெயர். தவளைகளின் பேரினப் பெயர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. ஆசியச் சாதாரணத் தேரை முன்பு பூஃபோ மெலனோஸ்டிக்டஸ். இப்போது டட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். இந்தியக் காளைத் தவளை முன்பு ரானா டைகரினா. இப்போது ஹோப்லோபேட்ராக்கஸ் டைகரினஸ். முதற்பாதி போனாலும் பிற்பாதி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, கடைசி எழுத்து மட்டும் சில சமயம் மாறும். பழைய நூலை வைத்துத் தேடுபவர்கள் அந்தப் பிற்பாதியைப் பிடித்துக்கொண்டு தேடினால், இன்றைய பெயருக்கு எளிதில் வந்து சேரலாம்.